மூன்றாவது சொக்கட்

காலையில் திறந்தால் முதலில் ஓர் இருமல்,
பிறகு தேத்தண்ணி நிறத்தில் ஒரு வாளி.
அதைச் செவ்வரத்தைக்கு ஊற்றிவிட்டு
இரண்டாவது வாளியில் அரிசி கழுவுவேன்.
இப்படியே பதினான்கு வருடம்.
வந்தவர்கள் கேட்டால்
'வட்டக்கச்சித் தண்ணி அப்பிடித்தான்' என்போம்.
கிணற்றில் அள்ளினால் கண்ணாடி மாதிரி இருக்கும்.
அதை யாரும் யோசிக்கவில்லை.
யோசித்தால் செலவு.

பத்தாம் ஆண்டு திரும்பி வந்தபோது
கூரை போட்டோம், கதவு போட்டோம்,
வீட்டுத்திட்டக் காசு யன்னலோடு முடிந்தது.
சுவருக்குள் இருந்ததை
எண்பத்து நாலாம் ஆண்டிலேயே விட்டுவிட்டோம்.
கண்ணுக்குத் தெரியாத சேதத்துக்கு
எந்தப் படிவத்தில் இடம் இருந்தது?

மாசியில் குளியலறைச் சுவரில் ஈரம்,
ஆட்டுக்குட்டிக் காதளவில், ஓரமெல்லாம் உப்புப் பூத்து.
என்னவர் சந்தைக்குப் போய் ஒரு சொக்கட் வாங்கி வந்தார்.
பங்குனியில் குசினி. இன்னொரு சொக்கட்.
தாங்கி நிரம்பி நிற்க, சவரிலிருந்து
நூல் நூலாய்த்தான் விழுந்தது.
இரவில் எல்லோரும் படுத்த பிறகு
மோட்டர் தானே எழும்பி ஓடும்,
யாருக்கோ தண்ணி வார்க்கப் போவதுபோல.
கரண்ட் மீற்றர் பார்க்க வந்த பெடியன்
"தோட்டம் செய்யிறியளோ அக்கா?" என்று கேட்டான்.
வளவில் மூன்று மிளகாய்க் கன்று நிற்கிறது.

பரந்தனிலிருந்து யசிந்தா வந்தாள்,
மோட்டர் சைக்கிளின் பின்னால் றெஞ்சுப் பை.
ஸ்குறூ ட்றைவரின் நுனியைச் சுவரில் ஊன்றி
பிடியில் காதை வைத்தாள்,
பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பவள் மாதிரி.
"ஒரு இடத்தில ஒழுகினா, அந்த இடம் பிழை.
ரெண்டு எண்டா, சரி, போகட்டும்.
மூண்டாவதுக்குச் சொக்கட் வாங்காதேங்கோ அண்ணை,
பைப்தான் பிழை."
மூன்றாவது சொக்கட்
விலை ஒட்டியபடி அவர் சட்டைப்பையில் இருந்தது.

சுவரை வெட்டினாள்.
வெளியே பார்க்க ஓர் அங்குல இரும்பு, முழுசாக.
வாளால் அறுத்து முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.
உள்ளே கறள் தடித்து, தடித்து,
ஒரு பேனை நுழைய இடமில்லை.
இதற்குள்ளாலா நாலு பேர் குளித்தோம்?
இதற்குள்ளாலா மாமாவின் எட்டுக்குக்
கிடாரம் கழுவினோம்?

பிறகு குசினி மூலையில்
கறுப்பாய் ஒரு கட்டு.
சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி
இழுத்து இழுத்துச் சுற்றி
மேலே கட்டுக்கம்பி, நாலு முறுக்கு,
கை கிழிக்காதபடி நுனி உள்ளே மடித்து,
அதன்மேல் சீமெந்து.
"ஆர் செய்தது?"
நாங்கள் இல்லை.
தொண்ணூற்றாறில் பூட்டிவிட்டுப் போனவர்கள் நாங்கள்.
பிறகு யாரோ இருந்திருக்கிறார்கள்;
நாங்கள் ஒருபோதும் படம் மாட்டாத சுவரில்
ஓர் ஆணி இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.
தன்னுடையதல்லாத வீட்டில்,
அடுத்த கிழமை எங்கே என்று தெரியாத ஒரு மாதத்தில்
ஒருவர் குந்தியிருந்து
கம்பியின் நுனியை உள்ளே மடித்திருக்கிறார்.

யசிந்தா வாளைக் கொஞ்சம் நிறுத்தினாள்.
"இது மட்டும் ஒழுகேல்லை" என்றாள்.
பிறகு அறுத்தாள்.

பழைய இரும்புக்காரன் எல்லாவற்றையும் நிறுத்து எடுத்தான்.
ரியூப்புக்கென்று நூறு கிராம் கழித்தான்.
நான் பேரம் பேசவில்லை,
அவன் ஏறிட்டுப் பார்த்தான்.

இப்போது சாம்பல்நிற எஸ்லோன், சுவருக்கு வெளியே.
வடிவில்லை என்று மகளுக்குக் கோபம்.
வெளியே போகட்டும் என்று சொன்னது நான்தான்;
ஒழுகினால் என் கண்ணுக்கு முன்னால் ஒழுகட்டும்.
பசை மணம் இரண்டு நாள் நின்றது.

காலையில் திறக்கிறேன். இருமல் இல்லை.
ஆனாலும் கை
முதல் வாளியைச் செவ்வரத்தைக்குத்தான் கொண்டுபோகிறது.